எல் சால்டெனில் பாறையேறுபவர்கள் சாப்பாட்டில் செய்யும் தவறுகள்

அர்ஜென்டினாவின் தெற்கே, சாந்தா குரூஸ் மாகாணத்தில் இருக்கும் சின்ன ஊர் எல் சால்டென். ஃபிட்ஸ் ராய், செர்ரோ தோர்ரே என்ற இரண்டு பெரிய சிகரங்களுக்கும் இதுதான் அடிவாரம். ஊரை ஒட்டியே கயிறு போட்டு ஏறும் பாறைச் சுவர்களும் உண்டு. சான் மார்ட்டின் சாலையில் கொஞ்சம் நடந்தாலே பாதி உணவகங்களைப் பார்த்துவிடலாம். இத்தனை சின்ன ஊரில் சாப்பாட்டில் என்ன பெரிய தவறு நடந்துவிடும் என்று தோன்றும். நடக்கும். பெரும்பாலும் எதைச் சாப்பிடுகிறோம் என்பதில் அல்ல, எப்போது என்பதில்.

இந்த ஊருக்கு வயது குறைவு. சிலியுடன் எல்லைத் தகராறு இருந்த காலத்தில், 1985 அக்டோபர் 12 அன்று, இங்கே ஆட்கள் குடியிருக்க வேண்டும் என்பதற்காகவே உருவாக்கினார்கள். 1952 பிப்ரவரி 2 அன்று லியோனல் தெரேயும் கிதோ மான்யோனும் ஃபிட்ஸ் ராய் உச்சியை முதன்முதலாகத் தொட்டபோது, இறங்கி வந்து சாப்பிட இங்கே ஒரு கடையும் கிடையாது. பின்னால் வந்தவர்களும் காட்டுக்குள் முகாம் போட்டு, அங்கேயே சமைத்து, வானம் தெளிய வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று தே அகோஸ்தினி எனப்படும் முகாமுக்கு, அங்கே காத்துக் கிடந்த அமெரிக்க ஏறுநர் ஜிம் பிரிட்வெல்லின் பெயர்தான் முன்பு இருந்தது. இணையத்தில் நம்பகமான வானிலைக் கணிப்பு வந்த பிறகு கதை மாறியது. இப்போது எல்லாரும் ஊரில் அறை எடுத்துக் காத்திருக்கிறார்கள். ஆகவே காத்திருப்பதும் தின்பதும் ஊருக்குள்தான்.

வயிற்றின் கடிகாரத்தை நம்புவது

காலையில் பாறைக்குப் போய், மாலை நாலரைக்கு இறங்கி வருகிறீர்கள். கொலைப்பசி. முதல் உணவகத்தின் கதவைத் தள்ளினால் பூட்டியிருக்கும். அடுத்தது திறந்திருக்கும், ஆனால் அடுப்பு அணைந்திருக்கும். மதியச் சாப்பாடு மூன்று மணி வாக்கில் முடிந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குச் சமையலறை மறுபடி உயிர்பெற ஏழரை, எட்டு ஆகும். உள்ளூர்க்காரர்கள் ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் மேசைக்கு வருவார்கள். நடுவில் இருக்கும் இந்த நேரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மெரியெந்தா. காபியோ, மாத்தே எனும் மூலிகைத் தேநீரோ குடித்து, கூடவே இனிப்பாக ஏதாவது கடித்துக்கொள்வது.

இங்கே வெளியூர்க்காரர்கள் செய்வது என்ன? "எட்டு மணிக்கு நன்றாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று வெறும் வயிற்றில் ஒரு பியர் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாள் ஓய்வு என்றால் சரி, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மறுநாளும் ஏற வேண்டுமென்றால் இது கெட்ட யோசனை. கடும் உழைப்புக்குப் பிறகு தசைகள் இழந்த கிளைகோஜனை, அதாவது அவை சேமித்துவைக்கும் சர்க்கரைச் சத்தை, வேகமாக நிரப்பிக்கொள்வது முதல் சில மணி நேரத்தில்தான். அப்போது உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் மாவுச்சத்து, மணிக்கு ஒரு தடவை என்பது விளையாட்டு உணவியலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 65 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 65 கிராம். பியரில் அது கிடைக்காது.

பனதேரியா எனப்படும் ரொட்டிக்கடைதான் இதற்கு வழி. காலையில் போகும்போதே உள்ளே பூரணம் வைத்து மடித்த எம்பனாடா நாலைந்து வாங்கி, இரண்டைப் பையின் அடியில் தொடாமல் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், திரும்பி வந்ததும் மெரியெந்தா நேரத்துக்குத் திறந்திருக்கும் கடைக்குப் போங்கள். லா வாஃப்ளேரியா மாதிரி வாஃபிள் போடும் கடை அந்த நேரத்துக்கென்றே பிறந்தது.

காலையிலும் இதே சிக்கல்தான். விடுதிக் காலை உணவு என்பது பெரும்பாலும் ரொட்டி, ஜாம், பாலைக் காய்ச்சிச் செய்த துல்சே தே லெச்சே, காபி. ருசியாக இருக்கும், ஆனால் ஒரு முழு நாள் ஏற்றத்துக்குத் தாங்காது. அதுகூட நீங்கள் விடிவதற்கு முன் கிளம்பும்போது மேசைக்கு வந்திருக்காது. கையில் எடுத்துப்போகும் பொட்டலச் சாப்பாட்டை இங்கே வியாண்டா என்பார்கள். பல விடுதிகளும் கடைகளும் கட்டிக் கொடுக்கும். முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் ஊரிலேயே கிடைக்கும் என்று வருவது

எல் சால்டெனுக்கு வரும் காய்கறி, பழம் எல்லாம் லாரியில்தான் வருகிறது. பக்கத்துப் பெரிய ஊரான எல் கலஃபாத்தே ஏறக்குறைய 215 கிலோமீட்டர் தள்ளி. லாரி வந்த அன்று தக்காளி பளபளக்கும். நான்கு நாள் கழித்துப் போனால் வாடிய கேரட்டும் வெங்காயமும்தான் உங்களை வரவேற்கும். இரண்டு வாரம் தங்கப்போகிறவர்கள் கலஃபாத்தேயிலேயே லா அனோனிமா மாதிரி பெரிய கடையில் ஓட்ஸ், பாஸ்தா, கொட்டை வகைகள், பால் பவுடர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது நல்லது. கேஸ் சிலிண்டரை மட்டும் ஊருக்கு வந்து வாங்குங்கள். விமானத்தில் அதை ஏற்ற விடமாட்டார்கள்.

பழம் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. பழ ஈ உள்ளே வராமல் இருக்க, வடக்கிலிருந்து இந்தத் தென்பகுதியான பத்தகோனியாவுக்குள் புதுப் பழங்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. சிலி எல்லையிலும் சோதனை கடுமைதான். ஆசையாக வாங்கிய ஆப்பிளைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நிற்கும் முகங்களை அங்கே பார்க்கலாம்.

அப்புறம் பணம். ஊரில் ஏடிஎம் மிகக் குறைவு. கூட்டம் நிறைந்த சீசனில் அதில் நோட்டு தீர்ந்துபோகும். காற்று பலமாக அடித்து இணையம் போய்விட்டால் கார்டு இயந்திரமும் படுத்துவிடும். அந்நாட்டுப் பணமான பெசோவைக் கையில் வைத்திருங்கள். பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2023-ல் மட்டும் அந்த நாட்டின் பணவீக்கம் 211 சதவீதம். இரண்டு வருடம் முந்தைய விலைப்பட்டியல் வரலாற்று ஆவணம்தான்.

இன்னொன்று: நவம்பர் முதல் மார்ச் வரைதான் இந்த ஊர் முழுதாக விழித்திருக்கும். குளிர்காலத்தில் வந்து, பட்டியலில் பார்த்த உணவகத்தைத் தேடினால் பூட்டுதான் இருக்கும்.

வெந்தானா வரும்போது

காற்று அடங்கி, மேகம் விலகி, இரண்டு மூன்று நாள் ஏற வாய்ப்புக் கிடைப்பதை வெந்தானா, அதாவது ஜன்னல் என்பார்கள். அது வருவதற்கு முந்தின நாள் ஊரில் உள்ள ஏறுநர்கள் எல்லாரும் ஒரே கடையில், ஒரே சீஸ் கட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சாக்லேட், கெட்டிச் சலாமி, டார்ட்டியா ரொட்டி எல்லாம் மதியத்துக்குள் காலி. கணிப்பு நன்றாகத் தெரிவதற்கு முன்பே மலைக்கான உணவைத் தனிப் பையில் கட்டி அறையில் வைத்துவிடுவதுதான் பழகியவர்களின் பழக்கம். காத்திருக்கும் சலிப்பில் அந்தப் பையையே பிரித்துத் தின்னாமல் இருப்பது வேறு விஷயம். அதில் நானும் தேறவில்லை.

கிளம்பும் இரவு பரிஷாவுக்குப் போவது இன்னொரு தவறு. இறைச்சி சுடும் கடையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இரும்புக் கம்பியில் விரித்து, கங்கின் பக்கத்தில் பல மணி நேரம் நிறுத்திச் சுடும் பத்தகோனிய ஆட்டுக்குட்டி இங்கே பெருமைக்குரிய சாப்பாடு. அதைக் குறை சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பத்தரைக்குத் தட்டு வரும், பதினொன்றரைக்கு எழுந்திருப்பீர்கள், இரண்டரைக்கு அலாரம் அடிக்கும். கொழுப்பு இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். பனிச்சரிவில் மூச்சு வாங்கும்போது அந்த ஆடு இன்னும் உள்ளேயே இருக்கும். அன்று இரவுக்குப் பாஸ்தாதான் சரி. இத்தாலியக் குடியேறிகளின் நாடு என்பதால் அதற்குப் பஞ்சமே இல்லை. கிளம்பும் நாள் 29 ஆக அமைந்தால் இன்னும் வசதி: மாதந்தோறும் 29-ம் தேதி தட்டுக்கடியில் பணம் வைத்து உருளைக்கிழங்கு ஞோக்கி சாப்பிடுவது அர்ஜென்டினா வழக்கம். ஆட்டுக்குட்டியை இறங்கி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கி வந்த இரவும் சுலபமில்லை. வெந்தானா மூடியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள், எல்லா மேசையும் நிறைந்துவிடும். எட்டு மணிக்கு முதல் ஆளாகப் போய் உட்காருங்கள், அல்லது மேசை சொல்லிவையுங்கள். லா செர்வெசேரியாவில் கிடைக்கும் லோக்ரோ, அதாவது சோளமும் பூசணியும் பீன்ஸும் இறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்தது, பல நாள் உலர் உணவுக்குப் பிறகு வயிற்றுக்கு இதம். ஆனால் ஒரு கிண்ணம் முடியட்டும், பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். மூன்று நாள் சுருங்கிய வயிறு கண்ணின் பேச்சைக் கேட்காது.

"கார்னே இல்லாமல்" என்று மட்டும் சொல்வது

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கார்னே என்றால் அகராதியில் இறைச்சி. அர்ஜென்டினாவில் பேச்சு வழக்கில் பெரும்பாலும் அது மாட்டிறைச்சி. "கார்னே வேண்டாம்" என்று சொன்னால், சமையல்காரர் நல்ல மனதோடு கோழியோ, ஹாம் எனும் பன்றி இறைச்சியோ போட்டுக் கொடுக்க வாய்ப்புண்டு. ஒருமுறை பருப்புச் சூப் என்று நம்பி வாங்கினேன். பாதிக் கிண்ணத்தில் பன்றிக் கொழுப்புத் துண்டு தலைகாட்டியது. கடைக்காரர் மேல் தவறில்லை. கீசோ தே லெந்தேஹாஸ் எனும் அந்தப் பருப்புக் குழம்பில் அதுவும் சொரீசோ எனும் இறைச்சித் தொத்தும் போடுவதுதான் வழக்கம், நான்தான் கேட்கவில்லை. ஆகவே வரிசையாகச் சொல்லுங்கள்: "சின் கார்னே, சின் போஷோ, சின் ஹமோன், சின் பெஸ்காதோ." மாடு, கோழி, ஹாம், மீன் எதுவும் வேண்டாம் என்று பொருள்.

எம்பனாடாவில் கீரை வைத்தது வெர்துரா, சோளம் வைத்தது உமிதா, சீஸும் வெங்காயமும் வைத்தது கேசோ இ செபோஷா. விளிம்பு மடிப்பைப் பார்த்தே உள்ளே என்ன என்று கண்டுபிடிக்கலாம். கடைக்குக் கடை மடிப்பு மாறும் என்பதால் கேட்டுவிடுவதே மேல். கண்டிப்பான சைவம் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. எம்பனாடா மாவிலும் மெதியாலூனா எனும் பிறைவடிவ ரொட்டிகள் சிலவற்றிலும் மாட்டுக் கொழுப்புச் சேர்ப்பது சாதாரணம். "தே கிராசா" என்று எழுதியிருந்தால் கொழுப்பு, "தே மன்தேக்கா" என்றால் வெண்ணெய். இந்த இரண்டு சொல்லை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பரிஷாவில்கூடப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கங்கில் சுட்ட புரோவொலேத்தா சீஸ், சுட்ட காய்கறி, ரொட்டித்தூள் தடவிப் பொரித்த கத்தரிக்காய் மிலனேசா ஆகியவை பல கடைகளில் கிடைக்கும். கோதுமை ஒவ்வாதவர்கள் பொட்டலத்தில் "சின் தாக்" முத்திரையைத் தேடுங்கள். கோதுமை, ஓட்ஸ், பார்லி, ரை நான்கின் ஸ்பானியப் பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தது அது. அங்கே 2009 முதல் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது.

முகாமிலும் மேசையிலும்

தேசியப் பூங்காவுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது, கேஸ் அடுப்பு மட்டும்தான். புவான்செனோ போன்ற முகாம்களில் உணவைக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டு ஏறப் போனால், திரும்பி வரும்போது கூடாரத்தில் எலி போட்ட ஓட்டை இருக்கும். கிளையிலிருந்து கயிற்றில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தை ஓடையில் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். அடுத்த ஆள் குடிக்கும் தண்ணீர் அது. குப்பை முழுவதும் உங்களோடு ஊருக்கு இறங்கி வர வேண்டும்.

உணவகத்தில் பில் தானாக வராது. கேட்காமல் கொண்டுவந்து வைப்பது விரட்டுவது மாதிரி என்பது அவர்கள் எண்ணம். "லா குவென்தா" என்று கேளுங்கள். அதில் குபியெர்த்தோ என்று ஒரு சிறு தொகை இருந்தால், அது மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம். பரிமாறியவருக்கான பத்து சதவீதம் அதில் சேராது, தனியாக வைக்க வேண்டும்.

பாறையடியில் யாராவது மாத்தே நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். உறிஞ்சும் குழலைக் கிளறாதீர்கள், கோப்பையை முழுதாகக் குடித்து, ஊற்றிக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போதே மரியாதைக்கு "கிராசியாஸ்" என்று சொல்லிவிட்டால், எனக்குப் போதும் என்று அர்த்தம். அடுத்த சுற்று உங்களைத் தாண்டிப் போய்விடும்.