தானியங்கி மாதிரி ரயில்: பாயின்ட்டில் தடம் புரளாமல் காப்பது எப்படி?

காட்பாடி சந்திப்பின் நடைமேடைக் கோடியில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வரிசை தெரிந்திருக்கும். முதலில், தடம் இரண்டாகப் பிரியும் பாயின்ட்டை நகர்த்தும் பாயின்ட் மெஷின் ஓடும். நாக்கு ரயில் (பாயின்ட்டில் நகரும் கூர்முனைத் தண்டவாளம்) நகர்ந்து ஸ்டாக் ரயிலோடு (அதன் பக்கத்திலுள்ள நகராத தண்டவாளம்) ஒட்டும். அது பூட்டிக்கொண்டது உறுதியான பிறகுதான் சிக்னல் விழும். மொட்டை மாடி அறையில் கணினியை வைத்து மாதிரி ரயில் ஓட்டும் நம்மில் பலர், பாயின்ட்டை நகர்த்தும் சர்வோ என்ற சிறு மோட்டாருக்குக் கட்டளை போனதுமே பாதை அமைந்துவிட்டதாக மென்பொருளை நம்பவைத்துவிடுகிறோம். கையால் பாயின்ட் போடுகிறவர் நாக்கு சரியாக ஒட்டியதா என்று தன்னையறியாமல் ஒருமுறை பார்த்துவிடுவார். தானியங்கி அமைப்பில் அந்தப் பார்வையையும் நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

இருந்தாலும் மின்னணுவியலுக்குப் போகுமுன் இரும்பு வேலையைச் சரிபார்த்துவிடுங்கள், ஏனெனில் கோணலான பாயின்ட்டை எந்த மென்பொருளாலும் நிமிர்த்த முடியாது. நம் ரயில்வேயில் நாக்குக்கும் ஸ்டாக் ரயிலுக்கும் இடையில் 5 மி.மீ. கனமுள்ள சோதனைத் துண்டை வைத்தால் பாயின்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, சரியாக அமைந்ததாகக் காட்டவும் கூடாது. ஹெச்.ஓ. அளவான 87-இல் ஒரு பங்குக்கு அதைச் சுருக்கினால் 0.06 மி.மீ.கூட வராது, தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள் ஏறக்குறைய அந்தக் கனந்தான். அதில் விரலகலத் துண்டு ஒன்றை நறுக்கி, நாக்கின் நுனியில் நுழைத்து, பாயின்ட்டைப் போட்டுவிட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள். தாள் பிடிபட்டுக் கிழிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால், நாக்கின் நுனிப் பக்கமிருந்து எதிர்முகமாக வரும் வண்டியின் சக்கர விளிம்பு அந்த இடைவெளியில் ஏறுவதற்கு வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் சர்வோவின் வீச்சு போதாதிருக்கும், அல்லது நாக்கின் அடியில் ஒரு மணல் துகள் சிக்கியிருக்கும். சர்வோவையும் நாக்கையும் இணைக்க 0.8 மி.மீ. எஃகு ஸ்பிரிங் கம்பியைப் பயன்படுத்தி, தேவைக்குச் சற்றுக் கூடுதலாக வீச்சு கொடுத்தால், கம்பி வளைந்து நாக்கை எப்போதும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து சக்கரங்கள். ஹெச்.ஓ. தடத்தில் இரு தண்டவாளங்களுக்கு இடையேயான அகலம் 16.5 மி.மீ.; ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புற முகங்களுக்கு இடையே 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருக்க வேண்டும். வெர்னியரால் ஒவ்வோர் அச்சையும் அளந்துவிடுங்கள். இந்த இடைவெளி கூடினால் செக் ரயில் (சக்கரத்தின் உட்புறத்தைப் பிடித்து வழிநடத்தும் துணைத் தண்டவாளம்) சக்கரத்தைச் சரியான பக்கம் இழுக்காது, இரு பாதைகளின் தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங்கின் மூக்கில் விளிம்பு முட்டி ஏறிவிடும். ஒரே பெட்டி எல்லாப் பாயின்ட்டிலும் விழுந்தால் பெட்டியில் குற்றம். எல்லாப் பெட்டியும் ஒரே பாயின்ட்டில் விழுந்தால் பாயின்ட்டில் குற்றம். பெட்டியின் எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அடிப்படையாக 28 கிராம், அதன்மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம் என்பது மாதிரி ரயில்காரர்களின் பழைய கணக்கு.

வேலூர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிக்கல் சில்வர் தண்டவாளம் 3 மீட்டர் நீளத்துக்கு 20 டிகிரி வெப்ப ஏற்றத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. நீள்கிறது. மார்கழிக் காலையில் இடைவெளியே இல்லாமல் பிஷ்பிளேட் போட்டு இணைத்த தடம், அக்னி நட்சத்திரத்தில் பாயின்ட்டைத்தான் நெளிக்கும். ஆகவே பாயின்ட்டின் மூன்று முனைகளிலும் கத்தி முனையளவு இடைவெளி விட்டு, அந்த இணைப்புகளைப் பற்றவைக்காமல் விடுங்கள். மின்சாரத்துக்குத் தனி ஒயர் கொடுத்துக்கொள்ளலாம்.

இனி தானியக்கம். நாக்கு போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் மைக்ரோ சுவிட்சைச் சர்வோவின் கையில் பொருத்தாதீர்கள். இரு நாக்குகளையும் இணைக்கும் பட்டையில் பொருத்துங்கள். கம்பி கழன்றுவிட்டால் சர்வோவின் கை மட்டும் திரும்பும், மென்பொருளும் திருப்தியடைந்துவிடும். அந்தச் சுவிட்ச் சொல்லும்வரை வண்டிக்குப் புறப்பாடு தரக் கூடாது என்பதை நிரலில் நிபந்தனையாக எழுதிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, வண்டி கடந்துகொண்டிருக்கும்போதே பாயின்ட் மாறுவதாகும். மின்னோட்டத்தை வைத்து வண்டியை அறியும் கருவி, மின்சாரம் இழுக்கும் எஞ்சினை மட்டுமே பார்க்கும்; பின்னால் வரும் சாதாரணப் பெட்டிகள் அதற்குத் தெரியாது. எஞ்சின் தாண்டியதும் பகுதி காலியாகிவிட்டதென்று அடுத்த பாதையைப் போட்டுவிடும். கடைசிப் பெட்டியின் முன்போகி (முன்பக்கச் சக்கரத் தொகுதி) ஒரு தடத்திலும் பின்போகி மறு தடத்திலும் போய்க் கவிழும். கடைசிப் பெட்டியின் ஓர் அச்சிலாவது சக்கரங்களுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் மின்தடையை ஒட்டினால், அதுவும் சிறிது மின்சாரம் இழுத்துக் கருவிக்குத் தெரியும்; இது தீரும்.

அகச்சிவப்பு உணரியை மட்டும் நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய வண்டி மாலை நான்கு மணிக்கு மேல் மட்டும் ஒரே பாயின்ட்டில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் சக்கரங்களை அளந்த பிறகுதான், மேற்கு ஜன்னலில் இறங்கும் வெயில் நேராக உணரியின் மேல் விழுவது கண்ணில் பட்டது. எதிரில் இருந்த விளக்கொளியைப் பெட்டி மறைத்தாலும் வெயில் அதை நிரப்பிவிட, இடையில் வண்டியே இல்லையென்று உணரி சொல்லிக்கொண்டிருந்தது. கறுப்பு ஸ்ட்ரா ஒன்றை வெட்டி உணரிக்குக் குழாயாக மாட்டியதோடு அது நின்றது.

மின்வெட்டையும் மறக்கலாகாது. மின்சாரம் திரும்பும் நொடியில் சில சர்வோக்கள் ஒருமுறை துள்ளும், அப்போது மேலே பெட்டி நின்றிருந்தால் விழுந்துவிடும். கட்டுப்பாட்டுப் பலகை விழித்து நிலையான கட்டளைத் துடிப்பைக் கொடுத்த பின்னரே சர்வோவுக்கு மின்சாரம் போகும்படி ஒரு ரிலேயை நடுவில் வையுங்கள். வண்டிகளும் தாமாகப் புறப்படாமல் உங்கள் பொத்தானுக்குக் காத்திருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் உங்களிடமுள்ள மிக நீளமான பெட்டிகளைக் கோத்து (எல்.ஹெச்.பி. ரக விரைவு ரயில் பெட்டி ஹெச்.ஓ. அளவில் 27 செ.மீ. வரும்), எஞ்சினைப் பின்னால் வைத்து, ஒவ்வொரு பாயின்ட்டிலும் இரு பாதைகளிலும் மெதுவாகத் தள்ளி ஓட்டிப் பாருங்கள். இழுக்கும்போது ஒளிந்திருக்கும் குறைகள் தள்ளும்போது வெளிப்படும். இந்தச் சோதனையை மதியம் இரண்டு மணி வெயிலில் ஒருமுறையும் விடியற்காலையில் ஒருமுறையும் செய்து, எந்தப் பெட்டி எங்கே விழுந்தது என்பதை பாயின்ட்டின் அருகிலேயே பென்சிலால் குறித்துவையுங்கள்.