மழைக்காலக் கார்ப் பயணத்துக்கு உணவும் தண்ணீரும்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல சாலைகள் துண்டிக்கப்பட்டன. ஆகவே, மழைக்காலத்தில் நெடுந்தூரம் காரில் செல்வோர் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வைத்திருப்பது அவசியம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும் என்பதால், பிளாஸ்டிக் பாட்டில்களை மாதக்கணக்கில் டிக்கியில் போட்டுவைக்காமல், எவர்சில்வர் பாட்டில்களில் நிரப்பி, வாரந்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் மட்டும் எந்தப் பாட்டிலையும் வைக்காதீர்கள். அது உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் சிக்கினால் பேராபத்து.

சாக்லேட் உருகிவிடும், முறுக்கில் சிக்கு வாடை வந்துவிடும், உப்புத் தின்பண்டங்களோ தாகத்தைக் கூட்டும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தே உண்ணக்கூடிய அவல், பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம் ஆகியவற்றைக் காற்றுப்புகாத டப்பாவில் வைப்பதே சிறந்தது. குழந்தைகள் உடன் வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் இருக்கட்டும்.