3டி கண்ணாடி திரையோடு சேரவில்லையா? கேபிளிலிருந்து தொடங்குங்கள்

கணினி விளையாட்டை 3டியில் காட்டும் கண்ணாடியும் எமிட்டரும் சேர்ந்த பழைய என்விடியா 3டி விஷன் செட்டை வாங்கி வந்து, படம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, கண்ணாடி போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்பமாட்டேன். தங்கச்சிமடத்தில் நான் மாட்டிக்கொடுத்த செட்டுகளில் கோளாறு பெரும்பாலும் கண்ணாடிக்கு வெளியேதான் இருந்தது.

நடப்பது இவ்வளவுதான். திரை நொடிக்கு 120 தடவை மாறுகிறது, ஒரு தடவை இடக்கண்ணுக்கு, மறு தடவை வலக்கண்ணுக்கு. யூஎஸ்பியில் மாட்டும் அந்தக் கறுப்பு எமிட்டர் அகச்சிவப்பில் சைகை அனுப்ப, கண்ணாடி அதே கணக்கில் ஒரு பக்கத்தை மூடி மறு பக்கத்தைத் திறக்கும். திரை அந்த வேகத்துக்கு வராவிட்டால் கண்ணாடியை என்ன செய்தும் பயனில்லை.

அதனால் முதலில் கேபிள். கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் டிவிஐ கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிகள் நடுவில் இடம் விட்டு இரண்டு கூட்டமாக நின்றால் அது சிங்கிள் லிங்க், முழு எச்டியில் 120 ஹெர்ட்ஸைத் தாங்காது. இடைவெளி இல்லாமல் 24 ஊசியும் நெருக்கமாக நின்றால் டூயல் லிங்க், அதுதான் வேண்டும். கையோடு யூஎஸ்பி முனையையும் பாருங்கள், நம் கரையில் உப்புக்காற்று அதில் களிம்பு ஏற்றிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

மானிட்டர் 120 ஹெர்ட்ஸ் என்பது மட்டும் போதாது, 3டி விஷனுக்கு ஏற்றது என்றும் இருக்க வேண்டும்.

அப்புறம் டிரைவர், அதாவது கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள். என்விடியா 2019 ஏப்ரலோடு ஜீஃபோர்ஸ் டிரைவர்களில் 3டி விஷனை நிறுத்திவிட்டது, கடைசியாக அது இருந்தது 425.31-ல். இருக்கிற டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு அதைப் போடுங்கள், உங்கள் கார்டு அதைவிடப் புதியதென்றால் இந்த வழி சரிவராது. போட்டதும் விண்டோஸ் தானாக டிரைவர் இறக்குவதை நிறுத்திவையுங்கள், என் கணினியில் எல்லாம் சரியாக ஓடி மறுநாள் காலையில் 3டி மெனுவே காணாமல் போனது இதனால்தான். பிறகு என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஸ்டீரியோஸ்கோப்பிக் 3டியை டிக் செய்து, முழுத்திரையில் ஒரு விளையாட்டைத் திறந்து, கண்ட்ரோலோடு டி (T) விசையை அழுத்துங்கள். எமிட்டரின் பச்சை விளக்கு பளிச்சென்று ஆக வேண்டும்.

பச்சை எரிந்தும் படம் விட்டுவிட்டுப் பிரிகிறதா? எமிட்டருக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக்கூடாது, ஒரு டீ டம்ளர் மறைத்தாலே போதும். கடல் பார்த்த ஜன்னல் வழியாக நேர்வெயில் கண்ணாடியில் விழுந்தாலும் சைகை தப்பும், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

சரி, படம் சேர்ந்துவிட்டது, ஆனால் அறையே துடிக்கிறது என்றால் அது டியூப்லைட். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணாடியின் 120 கணக்கோடு அது மோதுகிறது. விளக்கை அணைக்கலாம். அணைக்க முடியாத வீடென்றால் 3டி அமைப்பில் வேகத்தை 100 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள், துடிப்பு அடங்கிவிடும்.