யோசிக்காமல் பேசப் பழக ‘4/3/2’ பயிற்சி

ஜெர்மனோ ஜப்பானியமோ கற்று, இலக்கணப் பயிற்சிகளைப் பிழையின்றி எழுதுபவர்கள்கூட, பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் தமிழில் அமைத்துப் பிறகு மாற்றுவதால் திணறுகிறார்கள். இவர்களுக்குத் தேவை புதிய சொற்கள் அல்ல, தெரிந்த சொற்கள் விரைந்து வரும் பழக்கம்.

இதற்கு, மொழிக் கல்வியாளர் கீத் மாரிஸ் 1983-இல் விவரித்ததும், நியூசிலாந்தின் வெலிங்டனில் பணியாற்றிய மொழியியலாளர் பால் நேஷன் ஆய்ந்து எழுதியதுமான ‘4/3/2’ பயிற்சி மிகவும் ஏற்றது. நேற்றைய சமையல், அலுவலகம் செல்லும் வழி போன்ற நன்கறிந்த ஒரு பொருளைப் பற்றி, எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமல், ஒருவரிடம் 4 நிமிடம் பேச வேண்டும். அதையே வேறொருவரிடம் 3 நிமிடத்திலும், மற்றொருவரிடம் 2 நிமிடத்திலும் சொல்ல வேண்டும். முதல் சுற்றிலேயே கருத்தும் சொற்களும் அமைந்துவிடுவதால் அடுத்த சுற்றுகளில் அவற்றைத் தேட வேண்டியதில்லை. சுருங்கும் நேரமோ மொழிபெயர்த்துப் பார்க்க இடம் தருவதில்லை. கேட்பவர் மாறுவது முக்கியம், ஏனெனில் ஒரே ஆளிடம் திரும்பச் சொல்பவர் தம்மையறியாமல் புதிய செய்திகளைச் சேர்க்கத் தொடங்கிவிடுவார். ஆள் கிடைக்காவிட்டால் கைபேசியில் பதிவு செய்யலாம், ஆனால் அது இரண்டாந்தரம்தான்.

தொடக்கநிலையினர் 3, 2, 1 எனக் குறைத்துக்கொள்ளலாம்.

பேச்சின் நடுவே யாரும் திருத்தக் கூடாது. பிழைகளும் சேர்ந்து பழகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே மூன்று சுற்றுகளும் முடிந்தபின், திரும்பத் திரும்ப வந்த ஓரிரு பிழைகளை மட்டும் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே பொருளை மீண்டும் பேசுவது நல்லது.