நூலகமா, நெகிழ்வா? வெண்பா சோதித்த கதை

ஒரு நிரலைப் பைத்தானில் எழுதுவதா, காமன் லிஸ்ப்பில் எழுதுவதா? இந்த இரண்டு நிரல்மொழிகளில் ஒன்றைத் தேர்வதென்றால், முதலில், வெளியிலிருந்து என்னென்ன நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்) வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். பட்டியல் நீண்டால் பைத்தான்தான், பேச்சே இல்லை.

வெண்பா சரிபார்க்கும் நிரலை நான் காமன் லிஸ்ப்பில் தொடங்கினேன். 'நி' நமக்கு ஓரெழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் இரண்டு குறிகள். எழுத்துப் பிரிப்பானை நானே எழுதி, 'ஸ்ரீ'யில் இடறி, இரண்டு வார இறுதிகளைத் தொலைத்தேன். பைத்தானின் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் அது ஒரே வரி! (வீம்புதான், வேறென்ன?)

ஆனால் நேர், நிரை, தளை விதிகளை லிஸ்ப் மேக்ரோவால் (நிரலையே எழுதித்தரும் நிரல்) இலக்கண நூல் நடையிலேயே எழுத முடிந்தது. விதிகள் அடிக்கடி மாறும் வேலைக்கு அந்த நெகிழ்வு வேண்டும்.

நூலகத்தை நம்புமுன் கடைசி வெளியீட்டுத் தேதியைப் பாருங்கள். உங்கள் தரவிலேயே ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இப்போது பிரிப்பது பைத்தான், விதி பார்ப்பது லிஸ்ப். நடுவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவைக் கடத்த, ஒரு ஜேசான் (JSON) கோப்பு.