புரையைத் தவறவிடும் இடங்கள்

கண் பரிசோதனை முகாம்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், நான் அந்த வயதில் செய்த தவறுகளையே செய்கிறார்கள். புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவது. கண் பாப்பா வெள்ளையாகிவிட்டால் புரை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதற்கு முந்தைய கட்டத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

"பார்வை திரும்பிடுச்சு" என்று நம்புவது

அறுபத்தைந்து வயதுக்காரர் "கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன் தம்பி" என்றால் சந்தேகப்படுங்கள். வயதானால் கிட்டத்தில் மங்கும் வெள்ளெழுத்து தானாகப் போகாது. லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்படும்போது அது ஒளியை அதிகமாக வளைக்கிறது; கண் மைனஸ் பக்கம் நகர்கிறது. கிட்டத்தில் தெளிவு, தூரத்தில் மங்கல். புரை வளர வளர அந்தத் தெளிவும் போய்விடும்.

ஒரு தையல்காரர் என் முன்னாலேயே ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். நானும் சந்தோஷப்பட்டு, தூரத்துக்கு மைனஸ் 2 எழுதிக் கொடுத்தேன். ஏழு மாதத்தில் மைனஸ் 3.5. மறுபடி கண்ணாடி. மூன்றாவது தடவை மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தார். அந்தி நேரத்தில் படி தெரியாமல் விழுந்திருக்கிறார். அப்புறம்தான் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்த்தோம். லென்ஸ் பழுப்பேறிக் கிடந்தது. முதல் நாளே பார்த்திருந்தால் இரண்டு கண்ணாடிக்கான காசு மிஞ்சியிருக்கும், அந்தக் கையும் தப்பியிருக்கும்.

போன மாதம்கூட ஒரு பெண் எதுவும் கேட்காமல் பவரை மட்டும் ஏற்றி எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த வயதில் மைனஸ் ஏறினால் எழுதுவதை நிறுத்திவிட்டு லென்ஸைப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் பவர் இப்படி மாறும், அதையும் கேளுங்கள்.

இருட்டறையோடு நிறுத்துவது

லென்ஸின் பின்பக்கம் வரும் புரை வெளிச்சத்தில்தான் அதிகம் தொல்லை தரும். பாப்பா சுருங்கும்போது நடுவில் இருக்கும் புரை வழியை மறைத்துவிடும். இருட்டறைக்குள் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை படித்தவர், மதிய வெயிலில் பஸ் போர்டு தெரியாமல் நிற்பார். இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கூசிச் சிதறுகிறதா என்றும் விசாரியுங்கள்.

இரட்டையாகத் தெரிந்தால் நரம்புக் கோளாறு என்பது

ஒரு கண்ணை மூடிய பிறகும் நிலா இரண்டாகத் தெரிந்தால், முதலில் லென்ஸைப் பாருங்கள்.

வலி இல்லை என்று விடுவது

புரை வலிக்காது.

"முத்தட்டும்" என்று அனுப்புவது

சொல்லவே சொல்லாதீர்கள். முற்றி வீங்கிய லென்ஸ் கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கெடுத்தால், புரையை எடுத்த பிறகும் அந்தப் பார்வை வராது.