4,500 ரூபாய் இடித்த கணக்கு

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து செய்யும் மரக்கறித் தோட்டத்தின் கணக்கை மார்ச் 31உடன் முடிக்க வேண்டும். காசேட்டின்படி (காசு வரவு செலவு எழுதும் புத்தகம்) இருக்க வேண்டியதைவிட, வங்கிப் புத்தகமும் கைக்காசும் சேர்த்து 4,500 ரூபாய் குறைவு.

மூன்று நாள் போனது. முதலில் கூட்டலை மறுபடி பார்த்தேன், சரி. வங்கி வட்டி, கட்டணம் எல்லாம் ஏறியிருந்தது. சந்தையில் கத்தரி, பயிற்றங்காய் கடனுக்குக் கொடுத்த கொப்பியைப் புரட்டினேன், அதிலும் பிழை இல்லை.

அப்புறம்தான் பள்ளியில் வர்த்தகம் படித்த அக்கா ஒருவர் "ஒன்பதால் வகுத்துப் பார் தம்பி" என்றார். மீதியில்லாமல் 500 வந்தது. அப்படி வந்தால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள், ஆனால் அந்த 500தான் முக்கியம், அது ஐந்து நூறு என்பதால் எந்த இடங்கள் மாறின என்று காட்டும்: ஆயிரம், நூறு இடங்கள் மாறினால் வித்தியாசம் 900இன் மடங்காகத்தான் வரும், 4,500ஐ 900ஆல் வகுத்தால் 5, ஆகவே அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே 5 வித்தியாசம் உள்ள பதிவுகளை மட்டும் பார்த்தால் போதும். 5,000ஐ 500 என்று எழுதியிருந்தாலும் இதிலேயே பிடிபடும்.

முழு வருடத்திலும் அப்படிப் பதினொரு பதிவுகள்தான். ஏழாவதில் அகப்பட்டது. கோழி எரு ஏற்றிவந்த லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) கூலியோடு பற்றுச்சீட்டில் 7,200, காசேட்டில் 2,700. மார்கழி மழையில் நனைந்து மை பரவிய சீட்டு அது. பழையதை ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே சரியான தொகையை எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு சதமும் பிசகாமல் பொருந்தியது, நிம்மதி.